கருவியா, கம்பெனியா, சோதனைப் பாத்தியா: வேலூர்ப் பக்கத்துச் சிறு விவசாயக் குழுக்களுக்கு ஓர் ஒப்பீடு

பழைய வேலூர் மாவட்டத்தை 2019ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்தார்கள். மூன்றில் எந்தப் பக்கம் போனாலும் விவசாயக் குழுக்களைப் பார்க்கலாம். 2017-18ல் தமிழக அரசு கூட்டுப் பண்ணையத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, 20 பேர் சேர்ந்தால் உழவர் ஆர்வலர் குழு, அப்படி 5 குழு சேர்ந்து 100 பேரானால் உழவர் உற்பத்தியாளர் குழு, அந்த 100 பேருக்கும் பொதுவாகப் பண்ணைக் கருவி வாங்க 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி என்று வகுத்தது. பத்து குழு சேர்ந்து 1000 பேரானால் கம்பெனி.

குழு சேர்ப்பது வரை பெரிய கஷ்டம் இல்லை. பதிவு ஆகும், பாஸ்புக் வரும், ரப்பர் ஸ்டாம்ப் செய்தாகும். அப்புறம் "அடுத்து என்ன" என்று கேட்டால், ரோட்டவேட்டர் வாங்கலாம் என்று ஒரு கட்சி, கம்பெனியில் சேர்ந்துவிடலாம் என்று ஒரு கட்சி, பயிற்சி கேட்கலாம் என்று ஒரு கட்சி. அந்த இடத்தில் நிற்கிற குழுக்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். லாபம், கடன், வட்டி எல்லாவற்றையும் வைத்து எடை போடப் போவதில்லை. ஒரே கோணம்தான்: உறுப்பினர்கள் தங்கள் நிலத்தில் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க எது துணிச்சல் கொடுக்கும்?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னதாக ஒரு சோதனை நிதி (புதிதாகச் செய்து பார்த்து நஷ்டமானால் ஈடுகட்ட), கூடவே வயல்வெளிப் பள்ளி (வயலிலேயே நடக்கும் வகுப்பு), இதுதான் முதலில். கருவி அதற்கப்புறம். கம்பெனி, விற்க ஏதாவது தனியாகக் கையில் வந்த பிறகு.

சிறு விவசாயி புதிதாக எதையும் தொடமாட்டான் என்று பேசுவது ஒரு பழக்கமாகிவிட்டது. வேலூரும் சேர்ந்திருந்த பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் கதையே அதற்கு எதிர் சாட்சி. பசுமைப் புரட்சி எப்படிப் போகிறது என்று பார்க்க 1973-74ல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த மாவட்டத்துக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்தார்கள். அப்போது புதிய நெல் ரகங்கள் எதிர்பார்த்த வேகத்தில் பரவியிருக்கவில்லை. கிணறும் மோட்டாரும் கையில் காசும் இருந்தவர்கள் முன்னால் போயிருந்தார்கள். 1982-83ல் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் வெளிநாட்டு ஆய்வு நிறுவனம் ஒன்றும் சேர்ந்து மறுபடி அளந்தபோது, சிறு விவசாயிகளும் புதிய ரகங்களில் கிட்டத்தட்டப் பெரியவர்கள் அளவுக்கே வந்திருந்தார்கள். பத்து வருஷத்தில் யாரும் புதிதாக அவர்களுக்குப் புத்தி சொல்லிக் கொடுத்துவிடவில்லை. பக்கத்து நிலத்தில் இரண்டு மூன்று போகம் விளைந்ததைப் பார்த்தார்கள், போட்டார்கள். ஒன்றரை ஏக்கர்க்காரன் காத்திருப்பது சோம்பலால் அல்ல. ஒரு போகம் போனால் அடுத்த போகத்துக்கு விதை வாங்கக் கடன்தான் வழி என்பதால்.

குழுக் கூட்டங்களில் இது வெளிப்படையாகவே வரும். அதிகாரி புது ரகம் பற்றிப் பேசி முடித்ததும் பின் வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்பான்: "எல்லாம் சரிணா, போட்டுப் பூடுச்சுன்னா யாருணா குடுப்பாங்க?" "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி" என்று பதில் வரும். அந்தப் பதிலோடு அந்தப் புது ரகத்தின் கதையும் முடிந்தது. கருவி, கம்பெனி, பரிசும் சுற்றுலாவும், வயல்வெளிப் பள்ளி, சோதனை நிதி என்று ஐந்து வழிகளையும் இந்தப் பையனின் கேள்வியில் வைத்துத்தான் உரசிப் பார்க்கிறேன். இன்னும் இரண்டு கேள்விகளும் உண்டு. எதைச் செய்து பார்ப்பது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? திட்டம் முடிந்து அதிகாரி மாற்றலாகிப் போனபின் அது தொடருமா?

கருவி வாங்குவது

5 லட்சம் கருவிக்கு என்றே வருவதால் இந்த வழியில் யோசிக்க அதிகம் இல்லை; வாங்கித்தான் ஆக வேண்டும். பவர் டில்லர், ரோட்டவேட்டர், களையெடுக்கும் இயந்திரம், விசைத் தெளிப்பான் என்று குழுவுக்குக் குழு மாறும். கூலி ஆள் கிடைக்காத ஊரில் இது பெரிய உதவி. வெளியில் எடுக்கும் வாடகையோடு ஒப்பிட்டால் மிச்சமும் ஆகிறது. வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகை (செயலியில் பதிந்து கருவியை வாடகைக்கு எடுப்பது) இருந்தாலும், ஊரிலேயே வண்டி நிற்பது வேறு.

ஆனால் கருவி வந்ததால் யாரும் புதிதாக ஒன்றைச் செய்து பார்த்துவிடுவதில்லை. பழைய வேலையே வேகமாக நடக்கிறது. முதல் மழை விழுந்ததும் நிலக்கடலைக்கு உழ எல்லாருக்கும் அதே நாளில் வண்டி வேண்டும். வரிசையில் யார் முன்னால் என்பதில் மூண்ட சண்டையிலேயே படுத்துவிட்ட குழுக்கள் உண்டு.

புது முறையோடு சேர்ந்து வந்த கருவிக்கும் இதே கதி நேர்ந்ததுண்டு. கோனோ வீடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-களில் மடகாஸ்கரில் உருவான ஒற்றை நாற்று நடவைத் திருந்திய நெல் சாகுபடி என்ற பெயரில் இங்கே பரப்பினார்கள். 14 நாள் நாற்று, 22.5 சென்டிமீட்டர் சதுர இடைவெளி, ஏக்கருக்கு 3 கிலோ விதை, களையை வரிசைக்குள் உருட்டி மிதிக்கக் கோனோ வீடர். முறை நல்ல முறை. இன்று பல வீட்டு மாட்டுக்கொட்டகையில் அந்த வீடர் பல்லில் காய்ந்த சேறோடு, மேலே கோழி அடைய, சாய்ந்து கிடக்கும். களை எடுக்கிறவர்கள் பெண்கள். கருவியைத் தேர்ந்தெடுத்தவர்களில் ஒரு பெண்ணும் கிடையாது. எங்கள் பக்கத்துக் களிமண்ணில் அதை முன்னும் பின்னும் தள்ளி ஒரு வரிசை முடிப்பதற்குள் தோள் விட்டுப்போகும். பட்டறையில் கொடுத்துப் பல்லைக் குறைத்து, கைப்பிடி உயரத்தை மாற்றிக்கொண்ட சிலர் மட்டும் இன்னும் ஓட்டுகிறார்கள். புதுமை என்று எதையாவது சொல்வதானால் அந்தப் பட்டறை வேலையைத்தான் சொல்வேன். அதற்கு எந்தத் திட்டத்திலும் ஒரு தலைப்பு கிடையாது.

சொட்டு நீரிலும் இதே பாடம். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. சிறு விவசாயி சான்று, அடங்கல், வரைபடம் கொடுத்தால் குழாய் வந்துவிடும். பரவலாகத்தான் போட்டிருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு கூடுதலாக உள்ள இடத்தில் சொட்டுவான் அடைத்துக்கொள்ளும். ஆசிட் விட்டுக் கழுவத் தெரிந்தவர் ஓட்டுகிறார். தெரியாதவர் குழாயைச் சுருட்டி வரப்பில் வைத்துவிட்டு மறுபடி வாய்க்காலில் பாய்ச்சுகிறார். மானியம் ஒரு பொருளை நிலம் வரை கொண்டுவந்து சேர்க்கும். அடைத்துக்கொண்ட பிறகு என்ன செய்வது என்று யோசிக்க வைக்காது.

கம்பெனி ஆவது

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்பது 2002ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தியதால் வந்தது. குறைந்தது 10 விவசாயிகள் இருந்தால் பதிவு செய்யலாம். பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. 2020 பிப்ரவரியில் மத்திய அரசு 10,000 நிறுவனங்கள் உருவாக்கும் திட்டத்தை அறிவித்தது. அதில் சமவெளிப் பகுதியில் 300 உறுப்பினர் வேண்டும் என்று வைத்தது. நிர்வாகச் செலவுக்கு 3 வருஷத்தில் 18 லட்சம் வரை என்று வகுத்தது. உறுப்பினர் போடும் பங்குத் தொகைக்கு ஈடாக, ஆளுக்கு 2,000 ரூபாய் உச்சவரம்பில், நிறுவனத்துக்கு மொத்தம் 15 லட்சம் வரை பங்கு மானியம். கைதூக்கிவிடும் அமைப்பு 5 வருஷம் கூட இருக்கும் என்றும் சொன்னது.

தொகையைப் பார்த்தால் வாயில் எச்சில் ஊறும். புதுமைக்கு இதில் வழி உண்டா? உண்டு, ஒரே ஒரு கதவு வழியாக. சந்தை கேட்டால் விவசாயி மாறுவான். வாங்குகிறவர் ஒரே அளவு மாங்காய் கேட்டால் பறிக்கும் விதம் மாறும். நிலக்கடலையைத் தரம் பிரித்து, செக்கு வைத்து எண்ணெயாக விற்றால், பூஞ்சை இல்லாமல் காயவைக்கும் முறை தானாக வரும். அதிகாரி பத்து வருஷம் சொல்லியும் நடக்காதது வியாபாரி ஒரு லோடைத் திருப்பி அனுப்பினால் நடந்துவிடும்.

இழப்பென்று வருகிறபோதுதான் கம்பெனி கையை விரிக்கிறது. அது செய்கிற காரியங்கள் பெரும்பாலும் உரக்கடை, விதைக்கடை, கொள்முதல். ஆடிட்டர், ஆண்டுக் கணக்குத் தாக்கல், ஜிஎஸ்டி, பொதுக்குழு, தலைமைச் செயல் அலுவலர் சம்பளம் என்று மாதம் பிறந்தால் செலவு நிற்கும். 18 லட்சம் தீர்ந்த நான்காவது வருஷம், சம்பளத்தை வியாபாரத்திலிருந்தே எடுக்க வேண்டும். அந்த நெருக்கடியில் இருக்கிற இயக்குநர் குழு, "நம்ம ஊர் உப்பு மண்ணுக்கு இந்த ரகம் வருமா பார்க்கலாம்" என்று உட்கார்ந்து பேசுமா? உர மூட்டை எத்தனை போச்சு என்றுதான் பேசும். அதில் தப்பும் இல்லை, அது கம்பெனியின் வேலை.

ஆயிரம் பேரில் கடைசி ஆள் கேள்வி கேட்கக் கூச்சப்படுவான் என்பதும் ஒன்று. 20 பேர் திண்ணையில் உட்கார்ந்தால் கேட்டுவிடுவான். கருவிக்கு 100 பேர் சரியான அளவு. வியாபாரத்துக்கு 300, 1000 வேண்டும். செய்து பார்ப்பதற்கு 20தான் அளவு. குழுவை எப்படி அடுக்கினாலும் கீழே இருக்கிற அந்த 20 பேர் குழுவைக் கலைக்காமல் வைத்திருக்க வேண்டும். பல ஊர்களில் கம்பெனி பதிவானதும் ஆர்வலர் குழுக் கூட்டம் நின்றுபோகிறது. எனக்குப் பெரிய வருத்தம் அதுதான்.

பரிசு, சுற்றுலா, செயல்விளக்கத் திடல்

இவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். திருந்திய நெல் சாகுபடியில் மாநிலத்திலேயே அதிக விளைச்சல் எடுப்பவருக்கு விவசாயிகள் சங்கத் தலைவராக இருந்த நாராயணசாமி நாயுடு பெயரில் 5 லட்சம் ரூபாயும் பதக்கமும் குடியரசு தினத்தில் தருகிறார்கள். விவசாயிக்கு மேடை கிடைப்பது சந்தோஷம். ஆனால் போட்டி என்றால் ஒருவர்தான் ஜெயிக்க முடியும். ஜெயிக்கிற வயலுக்கு அவர் செய்கிற கவனிப்பை மற்ற நிலத்துக்கு அவரே செய்யமாட்டார். என்ன போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லமாட்டார். குழுவுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்.

கண்டுணர் சுற்றுலாவில் பஸ், சாப்பாடு, பேனர், போட்டோ. போய் வருவது எப்போதும் அதே நாலு பேர். நாற்று விடுகிறவர், களை எடுக்கிறவர், தண்ணீர் கட்டுகிறவர் என்று வேலை செய்கிற கையை அனுப்பினால் பலன் உண்டு. செயல்விளக்கத் திடல் ரோட்டோரமாக, வசதியான முன்னோடி விவசாயியின் நிலத்தில் இருக்கும். அவருக்கு விளைந்ததைப் பார்த்து ஒன்றரை ஏக்கர்க்காரர் சொல்வது ஒன்றுதான்: "அவருக்கு மூணு போர் இருக்குது."

வயல்வெளிப் பள்ளி

இதன் தொடக்கம் 1989ல் இந்தோனேசியாவில். அங்கே நெல்லைப் புகையான் சூறையாடியது. மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது. அதைத் தின்கிற சிலந்தியும் பிற பூச்சிகளும் மருந்தில் செத்துப்போனதுதான் காரணம். 1986ல் அந்நாட்டு அரசு நெல்லுக்கான 57 மருந்துகளைத் தடை செய்தது. அப்புறம் உலக உணவு வேளாண் அமைப்பு 25 பேர் கொண்ட வகுப்புகளை வயலிலேயே நடத்தத் தொடங்கியது. வாரம் ஒருநாள் காலையில் வயலில் இறங்கி, குத்துக்குத்தாகப் பார்த்து, தீமை செய்யும் பூச்சி எத்தனை, நன்மை செய்யும் பூச்சி எத்தனை என்று எண்ணி, பெரிய தாளில் வரைந்து, மருந்து வேண்டுமா வேண்டாமா என்று விவசாயிகளே முடிவெடுப்பார்கள். இங்கே அட்மா என்ற வேளாண் விரிவாக்கத் திட்டத்தில் உழவர் வயல்வெளிப் பள்ளி என்று நடப்பது அதன் வழி வந்ததுதான். வேலூருக்கு விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருப்பதால் ஆள் கூப்பிடவும் தூரம் இல்லை.

நன்றாக நடந்தால் இது கொடுக்கிற பழக்கத்துக்கு விலையே கிடையாது. பொறி வண்டின் புழுவைப் பூச்சி என்று நினைத்து மருந்து அடித்தவர், அதுதான் அசுவினியைத் தின்கிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்தால் கடைக்காரர் சொன்னதை அப்படியே வாங்கமாட்டார். கேள்வி கேட்கத் தொடங்குவார். ஆனால் பள்ளி ஒரு போகத்தோடு முடிகிறது. பாடத்திட்டம் மேலிருந்து வருகிறது. நிதி பயிற்சிக்குத்தான், இழப்புக்கு இல்லை. பின் வரிசைப் பையனின் கேள்விக்கு இங்கேயும் பதில் கிடைப்பதில்லை.

சோதனை நிதி

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் கௌகா (Cauca) பகுதியில் 1990ல் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். ஊர் கூடி ஒரு சந்தேகத்தைத் தேர்ந்தெடுக்கும். நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கும்; அவர்கள் கையில் சின்ன நிதி ஒன்று இருக்கும். அவர்கள் சின்னப் பாத்தியில் போட்டுப் பார்த்து, விளைந்ததோ விளையவில்லையோ, ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும். சோதனையில் நஷ்டம் என்றால் அந்த நிதி தாங்கும். முதல் வருஷம் பாத்தி அளவு, நன்றாக வந்தால் அடுத்து கொஞ்சம் பெரிதாக, அப்புறம்தான் முழு வயல். இது பல நாடுகளுக்குப் பரவியது.

இதை நம் ஊர் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். 100 பேர் குழுவில் ஆளுக்கு ஒரு போகத்துக்கு 100 ரூபாய் என்றால் 10,000 ரூபாய். கருவி வாடகை வருமானம் நன்றாக இருந்தால் அதிலிருந்தும் பொதுக்குழு ஒப்புதலோடு ஒதுக்கலாம். 5 லட்சம் தொகுப்பு நிதியில் மட்டும் கை வைக்கக் கூடாது, அது கருவிக்கென்று வந்தது. 5 சென்ட் நெல் சோதனை என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 75 கிலோ மூட்டையில் 30 மூட்டை எடுக்கிற நிலம் என்றால் 2,250 கிலோ. 5 சென்ட் என்பது ஏக்கரில் 20ல் ஒரு பங்கு, ஆக 112 கிலோ. கிலோ 25 ரூபாய் என்றாலும், பாத்தி முழுக்கக் கருகிப்போனாலும், இழப்பு 2,800 ரூபாய். 10,000 ரூபாயில் இப்படி மூன்று சோதனைகளை முழு நஷ்டத்தோடு தாங்கலாம். நடைமுறையில் முழு நஷ்டம் அரிது. பாதி விளைந்தால் மீதிப் பாதிக்குத்தான் ஈடு.

அதிகாரி சொன்ன முழு ஏக்கர் சிபாரிசுக்குத் தலையாட்டிவிட்டுச் செய்யாமல் இருப்பதைவிட இந்த 5 சென்ட் எவ்வளவோ மேல். உறுப்பினருக்கு இழப்பு பயம் இல்லை, குழுவுக்கும் தாங்கக்கூடிய தொகை, கேள்வியும் அவர்களுடையது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்ட நிலத்தில் எந்த ரகம் வரும் என்பதற்குப் பொதுச் சிபாரிசு முழுப் பதில் சொல்லாது. வரப்புக்கு வரப்பு உப்பு மாறும். கரும்பில் ஒரு பரு நாற்றை 5 அடி இடைவெளியில் நடுவது எல்லாருக்கும் தெரிந்த முறைதான். இடையில் கிடைக்கிற 5 அடியில் உளுந்து போடலாமா, கொத்தமல்லி போடலாமா என்பதை அந்த ஊர்த் தண்ணீரும் அந்த ஊர் ஆளும்தான் முடிவு செய்ய வேண்டும்.

அளப்பதில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். சோதனைப் பாத்திக்கு ஒட்டினாற்போலவே வழக்கமான முறையில் அதே அளவு ஒரு பாத்தி. இரண்டுக்கும் ஒரே நாளில் நடவு, ஒரே மடைத் தண்ணீர். நெல் என்றால் பயிர் அறுவடைப் பரிசோதனைக்குச் செய்வதுபோல 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி அறுத்து, அடித்து, எடை போட்டு, அந்தக் கிலோவை 162ஆல் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல் வரும். 5 சென்டில் இரண்டு இடத்தில் அறுத்துச் சராசரி பார்க்கலாம். எடை போடும்போது உறுப்பினர் அல்லாத நாலு பேரும் நிற்கட்டும். "நல்லா வந்துச்சு" என்ற வாய்ச்சொல்லுக்கு நோட்டில் இடம் கிடையாது.

எல்லாக் கேள்வியும் 5 சென்டில் அடங்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பறிக்கிறவர் கையைக் குத்தும் காய், ருசிக்காகத் தேடி வாங்குகிறார்கள். அதற்குப் பெரிய எதிரி தண்டு மற்றும் காய்த்துளைப்பான். புழு தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் இருப்பதால் மேலே அடிக்கிற மருந்து அதைத் தொடுவதே இல்லை. குருத்து வாடித் தொங்கினால் உள்ளே புழு என்று அர்த்தம். அந்தக் குருத்தைக் கிள்ளி எரித்துவிட வேண்டும். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைத்து ஆண் அந்துப்பூச்சிகளைப் பிடிக்கலாம். இவ்வளவும் ஒருவர் தன் நிலத்தில் செய்துவிட்டு, பக்கத்து நிலத்தில் யாரும் செய்யவில்லை என்றால் பூச்சி பறந்து வந்துவிடும். அதைவிட மோசம், போன போகத்துக் கத்திரி மிலாறு (காய்ந்த செடித் தண்டு). அடுப்புக்கு ஆகும் என்று வேலியோரம் அடுக்கி வைத்திருப்பார்கள். அதற்குள் இருக்கிற கூட்டுப்புழு அந்துப்பூச்சியாகி, புது நாற்றைத்தான் முதலில் தேடும்.

இந்தச் சோதனைக்கு ஒட்டிக்கொண்டிருக்கிற எட்டு பத்து நிலம் சேர்ந்து வர வேண்டும். மிலாறை அப்புறப்படுத்துவது, குருத்து கிள்ளுவது, பொறி வைப்பது மூன்றும் அந்த வட்டாரத்தில். ஊரின் மறுபக்கத்தில் வழக்கம்போல். ஒவ்வொரு பறிப்பிலும் 100 காய் எடுத்துச் சொத்தை எத்தனை என்று எண்ணினால் போதும், தராசு கூட வேண்டாம். இதில் ஒருவருக்குக் கைக்காசு இழப்பு குறைவு. செலவு பொறிக்கும் அதற்குள் வைக்கும் கவர்ச்சிக் குப்பிக்கும்தான், அதை நிதி வாங்கித் தரும். கடினம், பத்துப் பேரையும் ஒரே வாரத்தில் ஒரே வேலையைச் செய்ய வைப்பது. இந்த மாதிரிக் கேள்வியைத் தனி ஆளுக்குக் கொடுக்கும் 5 லட்சம் பரிசு தொடவே முடியாது. குழு என்ற ஒன்று இருப்பதன் அர்த்தமே இங்கேதான் தெரிகிறது. புவிசார் குறியீடு பெயரைத்தான் காக்கும். சொத்தை காயை மூட்டைக்கு அடியில் வைத்துக் கட்டினால் பெயரும் போகும்.

கத்திரி போல ஒன்று கைகூடி, ஊரே ஒரே தரத்தில் காய் எடுக்க ஆரம்பித்துவிட்டால், அப்போது கம்பெனிக்குப் போகலாம். விற்க ஒரு தனிச் சரக்கு இருக்கும், பேரம் பேச ஒரு காரணம் இருக்கும். வெறும் உறுப்பினர் பட்டியலோடு போனால் கடைசியில் உரக்கடைதான் மிஞ்சும்.

சோதனை நிதியின் பலவீனங்களையும் மறைக்கக் கூடாது. முதலாவது, அது தலைவரின் தம்பி நிலத்துக்கே திரும்பத் திரும்பப் போகும். நிர்வாகிகள் நிலத்தில் முதல் இரண்டு போகம் சோதனை கிடையாது என்று எழுதி வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இரண்டாவது, ஈடு கிடைக்கும் என்று தண்ணீர் கட்டாமல் விடுகிறவர் வருவார். ஒப்பீட்டுப் பாத்தியும் அவர் நிலத்திலேயே இருப்பதால், இரண்டும் சேர்ந்து காய்ந்திருந்தால் ஈடு இல்லை என்று சொல்ல வழி இருக்கிறது. மூன்றாவது, ஆய்வு ஞானம் இல்லாமல் கேட்கிற கேள்வி வீண்போகும். ஏற்கெனவே பதில் தெரிந்ததைப் போட்டுப் பார்ப்பார்கள். அதனால்தான் வயல்வெளிப் பள்ளியைக் கூடச் சேர்க்கச் சொல்கிறேன். பள்ளியில் வருகிற சந்தேகம் அடுத்த போகத்துச் சோதனை. விரிஞ்சிபுரத்திலிருந்து வருகிறவரிடம் "எங்களுக்கு என்ன சொல்லித் தரப் போகிறீர்கள்" என்பதற்குப் பதில், "இந்த மூன்று சந்தேகத்தில் எதற்கு ஏற்கெனவே விடை இருக்கிறது" என்று கேட்டால் அவருக்கும் வேலை சுவாரசியமாகும்.

சோதனையை நடத்தும் நான்கு பேர் குழுவில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். மரியாதைக்காகச் சொல்லவில்லை. நடவும் களையும் பறிப்பும் அவர்கள் கையில் இருக்கும்போது, எது கைக்கு ஒத்துவராது என்று முதலில் தெரிவதும் அவர்களுக்குத்தான். மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதிப் பழகிய ஒருவர் இருந்தால் நோட்டை அவரிடமே கொடுத்துவிடலாம்.

குத்தகைக்கு ஓட்டுகிறவர்களுக்கு ஒரு தனி விதி வேண்டும். விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு ஓட்டுகிறவர் 5 சென்டில் புதிதாக ஒன்று போட்டு அது போனால் நிலக்காரருக்குத் தர வேண்டிய பங்கும் குறையும். அந்தப் பங்கையும் சேர்த்துத்தான் ஈடு கணக்கிட வேண்டும், நிலக்காரரிடம் முன்கூட்டியே சொல்லியும் வைக்க வேண்டும். பால் குழுவாக இருந்தால் இந்த ஏற்பாடு அப்படியே பொருந்தாது. மாட்டைப் பாதியாகப் பிரித்துச் சோதிக்க முடியாது; தீவனத்தை மாற்றினால் அதே மாட்டின் முன் வாரப் பாலையும் பின் வாரப் பாலையும் அளப்பதுதான் வழி, நஷ்ட ஈட்டுக்கு உச்சவரம்பும் குறைவாக வைக்கலாம்.

நவரை நெல் போகத்துக்குச் செய்வதாக இருந்தால் நாற்றங்கால் விடுவதற்கு முன்பே, கார்த்திகைக்குள், தீர்மானம் ஏறிவிட வேண்டும். தீர்மானத்தில் ஐந்து விஷயம் இருந்தால் போதும்: என்ன சந்தேகம், யார் நிலம், எத்தனை சென்ட், எதை எப்போது அளப்பது, போனால் எவ்வளவு ரூபாய் வரை ஈடு. கடைசி வரியில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, பொருளாளர் கையெழுத்தை அதற்கு நேர் கீழே வாங்கிக்கொள்ளுங்கள்.